வந்த வழியே

பெட்டியைக் கவுண்டரில் வைத்ததும்
அந்தப் பெண் முதலில் பார்த்தது ஷூவை அல்ல,
அதன் அடியை.
கமர்ஷியல் தெருவில் கரண்ட் போயிருந்தது.
மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தாள்
தெருவில் நடந்த அடியா என்று.
அறைக்குள், பாயிலிருந்து சன்னல் வரை
நாலு தடவை நடந்ததை
அது காட்டிக்கொடுக்கவில்லை.
நுனியில் திணித்த கன்னடப் பேப்பரை
பஸ்ஸிலேயே உருவியிருந்தேன்.
ஒரு துண்டு மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க
அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்,
ஏதோ என் சொத்து மாதிரி.

முப்பது நாளுக்குள் திருப்பலாம்.
இது இருபத்தேழாவது நாள்.
பில் கூட வேண்டாமாம்.
"ஏழாம் நம்பர் ஸ்டாக் இல்ல சார். ரீஃபண்டுதான்.
வாங்கினவங்க நம்பருக்கு ஓடிபி போகும், கேட்டுச் சொல்லுங்க.
காசு வந்த வழியேதான் திரும்பிப் போகும்."

வந்த வழியே என்றால், பரணிதரா,
உன்னிடம்.

எனக்கு வேலை கிடைத்த அன்று
மடிவாளா அறையில் மூன்று பேர் சேர்த்த காசு.
தலைக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இலியாஸ் தன் பங்குக்கு
முந்தின நாள் என்னிடமே ஐநூறு வாங்கியிருந்தான், அவசரம் என்று.
கடையில் போனை நீட்டியது மட்டும் நீ.

பத்தாம் நாள்
சிலிண்டர் காசில் தொடங்கிய பேச்சு
எங்கெங்கோ போய்
என் அப்பாவில் முடிந்தது.
பாயைச் சுருட்டினாய், பக்கெட்டை எடுத்தாய்,
வைட்ஃபீல்டில் ஏதோ பிஜிக்குப் போனாய்.
பக்கெட் என்னுடையது.
அதை விடு.

ஆறு ரிங். ஏழு.
"ம்" என்றாய்.
"ஒரு ஓடிபி வந்திருக்கும்."
பதினேழு நாளுக்குப் பிறகு
நான் உன்னிடம் பேசிய முதல் வாக்கியம்.
"யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு."
சிரிக்கிறாயா, தெரியவில்லை.
அப்புறம் சொன்னாய்:
நாலு, பூஜ்யம், நாலு, ஒன்பது.

வைத்துவிடுவாய் என்று நினைத்தேன்.
வைக்கவில்லை.
"ஒம்போதுதானே உனக்கு?
வாசல்ல கெடந்த செருப்பப் பாத்துதான் எடுத்தேன்.
நீ தூங்கும்போது சாண் வெச்சு அளந்தேன்டா."

அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வாசலில்
என் செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போய்விட,
கூட்டம் கலைந்தபின் மிச்சம் கிடந்த ஜோடியில்
கால் நுழைத்து வந்தவன் நான்.
எட்டு மாதமாக
விரலை மடக்கித்தான் நடக்கிறேன்.
அந்த ஒன்பதாம் நம்பர்க்காரனும்
குதிகால் தரையில் தேய
என்னுடையதில் எங்கோ நடந்துகொண்டிருப்பான்.
பக்கத்துப் பாயில் படுத்திருந்தாய்.
உன்னிடம் சொன்னதில்லை.

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.
ஒரு குழந்தை இரண்டு கால்களிலும் வேறுவேறு நிறம் மாட்டி
எது வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தது.
இவ்வளவையும் எப்படிச் சொல்வது?
"அது என்னுது இல்ல" என்றேன்.
"பின்ன யாருது?"
"தெரியல."
உன் பக்கம் மெட்ரோ அறிவிப்பு கேட்டது,
கன்னடத்தில், அப்புறம் இங்கிலீஷில்.
லைன் போய்விட்டது.
அல்லது வைத்துவிட்டாய்.

ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள்
என்று துண்டுச்சீட்டில் இருக்கிறது.
இன்று மூன்றாவது நாள்.
வரப்போவது இரண்டாயிரத்து முன்னூற்றுத் தொண்ணூற்றேழு.
அதில் உன் பங்கு உனக்கு.
ஜெபராஜ் கேட்கமாட்டான்.
இலியாஸ் கண்டிப்பாகக் கேட்பான்.
சிலிண்டரில் நீ தரவேண்டிய இருநூற்று எழுபதைச்
சேர்ப்பதா கழிப்பதா என்று
ராத்திரி வேலைக்கு நடுவில் போட்டுப் பார்க்கிறேன்.
ஒவ்வொரு தடவையும்
வேறு விடை வருகிறது.

அந்தப் பேப்பர் துண்டு சட்டைப்பையில் கிடக்கிறது.
அரைப் பத்தி இருக்கும்.
ஒரு தலைப்பின் வாலும் தெரிகிறது.
என்ன செய்தி என்று தெரியவில்லை.
நம் அறையில் கன்னடம் படிக்கத் தெரிந்தவன்
நீ ஒருத்தன்தான்.